உங்கள் கணக்கில் என் தங்கை மூன்று குடும்பம்

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டச் சமூக நல அலுவலர் அவர்களுக்கும், எங்கள் ஊர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பணியில் இருப்பவர்களுக்கும்,

போன வாரம் தபாலில் ஒரு பதில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் தங்கை போட்ட மனுவுக்கான பதில். அவளும் அவள் கணவரும் ஸ்டேஷனில் மூன்று முறை எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தாள். "மனுதாரர் கோரும் ஆவணங்கள் இந்நிலையத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரி. கீழே ரப்பர் ஸ்டாம்ப், சுருக்கெழுத்து.

அதே வாரம் பேப்பரில் ஒரு செய்தி. மாவட்டத்தின் மகளிர் காவல் நிலையங்களில் இந்த ஆண்டு எத்தனை குடும்பங்கள் "சேர்த்து வைக்கப்பட்டன" என்று பெருமையோடு போட்டிருந்தார்கள். எங்கள் ஸ்டேஷனில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பெறப்பட்ட மனுக்கள், பதிவான வழக்குகள், சேர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்து எண்தான் எப்போதும் பெரிதாக இருக்கும். காத்திருக்கும் பெஞ்சு அதற்கு நேர் எதிரே என்பதால் மணிக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறேன். அடிக்கிற கணவரோடு மூன்று முறை சேர்த்து அனுப்பப்பட்டதால், அந்தக் கட்டத்தில் என் தங்கை மூன்று குடும்பம். தாள்கள் பராமரிக்கப்படவில்லை, எண்ணிக்கை மட்டும் பராமரிக்கப்படுகிறது. இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் தையல்காரி. கடை போட்டு 22 வருடம். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் அளவு ஜாக்கெட் கொண்டு வருவார்கள். அது இருந்தால் டேப் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணச் சேலைக்கோ, உடம்பு ஏறி இறங்கியிருந்தாலோதான் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து அளப்பேன். கைச்சுற்று எடுக்க மேல்கையில் டேப்பைச் சுற்றும்போது சிலர் சுருக்கென்று கையை இழுத்துக்கொள்வார்கள். உள்பக்கம் ஒரு கட்டைவிரல் தடம், வெளிப்பக்கம் நாலு விரல். புதுசு என்றால் ஊதா. ஒரு வாரம் போனால் பச்சையோடி மஞ்சளாகும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நோட்டில் அளவை எழுதுவேன். அவர்களே சொல்வார்கள்: "அக்கா, இந்தத் தடவை கை முழங்கை வரைக்கும் வச்சிருங்க. இப்ப அதான ஃபேஷன்." அது நிஜமாகவே இப்போது ஃபேஷன்தான். அதனால் கேட்பதும் அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

"ஏதோ ஆத்திரத்துல கை நீட்டிட்டான்" என்று உங்கள் மேஜைக்கு முன்னால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஆத்திரத்துக்குக் கண் இல்லை என்பார்கள். நான் பார்த்த ஆத்திரத்துக்கு நல்ல கண் இருக்கிறது. முதல் சில வருடங்கள் அது முதுகு, விலா, தொடை என்று துணி மூடும் இடமாகப் பார்த்துத்தான் விழுகிறது. அடி ஜாக்கெட்டுக்குள் இருக்கிற வரை அடிக்கிறவனுக்கு ஊருக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது என்று அர்த்தம். கைக்கும் முகத்துக்கும் வந்துவிட்டால் அந்தப் பயமும் போய்விட்டது. அந்தப் பயம் எப்போது போகிறது என்பதை என் தங்கை விஷயத்தில் தேதியோடு என்னால் சொல்ல முடியும். உங்கள் ஸ்டேஷனிலிருந்து முதல் முறை சேர்த்து அனுப்பப்பட்ட மறுவாரம்.

இன்னொரு காரணம் குடி. டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் நின்றுவிடும் என்று நானும் பல வருடம் நம்பினேன். குடி அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் மேஸ்திரி கூலியைக் குறைத்தால் எவனும் மேஸ்திரியை அடிப்பதில்லை, எவ்வளவு குடித்திருந்தாலும். அடிக்கலாம் என்று அனுமதி உள்ள ஆள் யார் என்பது போதையிலும் தெளிவாகத் தெரிகிறது. என் தங்கை கணவர் குடிப்பதில்லை. பீடி, சிகரெட் கிடையாது. செவ்வாய், வெள்ளி கோவில். முதல் முறை ஸ்டேஷனுக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வியே, "குடிப்பாராம்மா?"

"இல்லீங்க."

"வேற பொம்பள தொடர்பு?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் என்னம்மா! நல்ல மனுசன்தான?"

குடியும் இல்லை, கூத்தியாளும் இல்லை என்றால் அடி கணக்கில் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வீட்டு விஷயம் மட்டும் என்றால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். அரசாங்கமே எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள், கல்யாணம் ஆன பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுமைக்கும் இது 29. படிப்பில், வேலைக்குப் போவதில், பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாம் முன்னால் நிற்கும் நம் மாநிலம் இதில் சராசரிக்கு மேலே போய் நிற்கிறது. இந்திய அளவில், அடிபட்டவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100க்கு 14 பேர்தான். அந்த 14 பேரும் முதலில் போவது பெரும்பாலும் அம்மா வீட்டுக்கு. போலீஸ் படி ஏறுவது கடைசிக் கடைசி. ஆக, உங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிறவள் மற்ற எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளிடம் போய், "பெரியவங்கள வச்சுப் பேசிப் பாத்தீங்களா?" என்று கேட்கிறீர்கள்.

பேசினோம். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், என் பங்கு அதில் இருப்பதால். என் தங்கையை முதன்முதலில் திருப்பி அனுப்பியது நீங்கள் இல்லை, நான். கல்யாணமாகி எட்டு மாதம். பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம், தலைக்கு மேல் வேலை. வெட்டி வைத்த துணியெல்லாம் குவிந்து கிடந்தது. "குடும்பம்னா நாலும் இருக்கும், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி, சாப்பாடு போட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் மாமியார் எங்கள் சொந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. சொந்தத்தில் கொடுத்தால் பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கொடுத்தோம். சொந்தம் என்பதால் நடந்தது வேறு. அடித்தவனும் அடிபட்டவளும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்களும் எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரன் பேத்திகள். யாருக்கும் வழக்கைக் கேட்க விருப்பமில்லை, உறவு அறுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் கவலை. அத்தை என்னிடமே சொன்னார்: "நான் வாங்காத அடியாடி?" அதில் கொடூரம் இருந்ததாக எனக்கு அன்று தோன்றவில்லை. ஒரு சம்பிரதாயத்தைக் கைமாற்றிக் கொடுக்கிற தொனிதான் இருந்தது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழி வைத்திருக்கிற ஊரில் அத்தைகள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

அண்ணன் வீட்டிலும் கதவு பாதிதான் திறந்தது. "அவ இங்க வந்து உக்காந்தா என் புள்ளைக்கு யாரு மாப்பிள்ளை குடுப்பா?" என்றார் அண்ணி. வாழாவெட்டி என்ற ஒரு சொல் போதும், ஒரு வீட்டையே பூட்டிவிடும். வாழ்க்கையை வெட்டியவனுக்குத் தமிழில் இப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

இந்தச் சொந்தபந்தத்துக்கு வெளியே ஒரு இடம் வேண்டும் என்றுதானே மகளிர் காவல் நிலையங்கள் வந்தன? 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் ஸ்டேஷன் திறந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆண் போலீஸிடம் வாய் திறக்க முடியாத பெண்கள் பெண் போலீஸிடம் சொல்வார்கள் என்றார்கள். உண்மைதான், சொல்கிறோம். சொன்ன பிறகு எங்களைக் கொண்டுபோய் விடுகிற இடம் அதே அத்தை வீடு. காக்கி உடுத்திய இன்னொரு அத்தையிடம் பேசிவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் முறை. காலையில் பத்து மணிக்குப் போனோம். மதியம் அவரை வரவழைத்தார்கள், கூடவே அத்தையும் நாலு சொந்தக்காரர்களும். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தே, "சொல்லும்மா, என்ன பிரச்சினை?" என்றார்கள். அடித்தவர் முழங்கால் தன் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னத்தைச் சொல்வாள்? சாயங்காலம் எழுதி வாங்கினார்கள். அவர் எழுதியது, "இனிமேல் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துவேன்." இவளை எழுதச் சொன்னது, "இனிமேல் என் கணவர் மனம் கோணாமல் நடந்துகொள்வேன்." வார்த்தை வார்த்தையாக எனக்கு நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே மாதிரி மன்னிப்புக் கடிதம்.

இரண்டாவது முறை, மூன்று மாதம் கழித்து. இந்த முறை சி.எஸ்.ஆர். என்கிற, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது கொடுத்தார்கள். பெரிய விஷயம் என்று நினைத்தோம். ஆலோசனை என்று உட்கார வைத்துக் கேட்டவை: நேரத்துக்குச் சமைக்கிறாயா, போனில் யாரோடு பேசுகிறாய், மாமியாருக்கு எதிர்த்துப் பேசுவாயா. போனை வாங்கிப் பார்த்தார்கள். அவருடைய போனை யாரும் கேட்கவில்லை. இவள், "எனக்கு அந்த வீட்டுல இருக்கப் பயமா இருக்கு, அவர வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றபோது, "வீடு உன் மாமியார் பேர்ல இருக்கும்மா, நீ எப்படி அவரப் போகச் சொல்ற?" என்றார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. மாமனார், மாமியார் பேரில் உள்ள வீடும் அதில் சேரும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொல்லிவிட்டது. அடிப்பவனை வீட்டிலிருந்து வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு 19-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்கு இரண்டு வருடம் கழித்து, இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு சின்னப் பெண் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. புகாரோடு வருகிறவளிடம் இந்த உரிமைகளைச் சொல்ல வேண்டிய கடமை போலீஸுக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 5-வது பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் டி.ஐ.ஆர். என்கிற குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நேரே மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார் என்று அந்த இரண்டு முறையும் எங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதற்குக் காசு செலவில்லை, ஆள் செலவில்லை. ஒரு வாக்கியம்.

மூன்றாவது முறை மணிக்கட்டு உடைந்திருந்தது. கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான். (மன்னிக்கவும், இதற்கு மேல் "அவர்" போட எனக்குக் கை வரவில்லை.) ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவனேதான். டியூட்டி டாக்டர் கேட்டபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் காப்பியில் "வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறினார்" என்று எழுதியிருக்கிறது. மறுநாள் நான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தேன். "ஏ.ஆர்.ல விழுந்ததா போட்டிருக்கே, நாங்க என்ன பண்ண?" எலும்பு முறிந்தால் சட்டத்தில் கொடுங்காயம். தெருவில் ஒருத்தன் அடுத்தவன் மணிக்கட்டை உடைத்தால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். வீட்டுக்குள் உடைத்தால் குடும்பப் பிரச்சினை. குடும்பத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் லலிதா குமாரி தீர்ப்பிலேயே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. புகாரில் குற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த விசாரணை. சேர்த்து வைப்பதற்கு அல்ல. அன்றைக்கும் எழுதி வாங்கினீர்கள். பலகையில் ஒன்று கூடியது.

ஆலோசனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006-ஆம் வருட விதிகளில் 14-வது விதியைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நீதிமன்றம் அனுப்பிவைக்கும் ஆலோசனைக்கான விதி அது. "இதனால்தான் அடித்தேன்" என்று எதிராளி அங்கே நியாயம் பேசவே கூடாதாம். அப்படிப் பேசக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே அவனுக்குச் சொல்லிவிட வேண்டுமாம். சமரசம் அவள் விரும்பினால் மட்டும். வக்கீல் பெண் இதை வாசித்துக் காட்டியபோது என் தங்கை சிரித்துவிட்டாள். ஸ்டேஷனில் மூன்று முறையும் பேச்சில் முக்கால்வாசி, அவன் ஏன் அடித்தான் என்பதைப் பற்றித்தானே!

பொய்ப் புகார் வருகிறது என்பீர்கள். வரும். எந்தச் சட்டத்தில் வரவில்லை? விசாரித்தால் பொய் எது என்று தெரிந்துவிடும். விசாரிக்காமல் எழுதி வாங்கி அனுப்பும்போது பொய்யாக மாட்டிய ஆணும் குற்றவாளி மாதிரிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறான். உங்கள் சமரசத்தில் அவனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

தங்கை மகள் காலேஜில் சமூகவியல் படிக்கிறாள். அவள் ஒருநாள் கடையில் உட்கார்ந்து ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினாள். பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-ல் வெளியிட்டது. தன் பேரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 100க்கு 49 பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18. வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. நான் ஊசியை வைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். நிலத்தைவிட வீடு ஏன் அதிகம் காக்கிறது? கிளம்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் அப்பா வீடு மூன்று சென்ட். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. அதற்கெல்லாம் பிறகு, அப்பா போனதும் நானும் தங்கையும் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலில் சர்பத் குடித்துவிட்டு வந்தோம். சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்று எங்களுக்கே தோன்றியது. இப்போது நினைத்துப் பார்த்தால், என் தங்கை வாழ்க்கையில் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாமே எதையாவது விட்டுக்கொடுக்கிற தாள்தான். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அவள் பேரில்தான் வந்தது. ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப் பையில். பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதையும் பொருளாதார வன்முறை என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் அதைச் சொன்னால், "வீட்டுச் செலவுக்குத்தானேம்மா எடுக்கறார்?"

இப்போது அவளும் பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு 14 மாதம். சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவில் இருக்கிறது. வாய்தா வாய்தாவாகப் போகிறது. அங்கே எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கிறார், "மூன்று முறை சமாதானமாகப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தவருக்கு என்ன கொடுமை நடந்திருக்கும்?" நீங்கள் செய்து வைத்த சமரசம் இன்றைக்கு அவனுக்குச் சாட்சி. அந்தக் கடிதங்கள் கையில் இருந்தால் மூன்று முறை புகார் சொன்னதற்கு அவையே அத்தாட்சி ஆகியிருக்கும். அதற்காகத்தான் நகல் கேட்டாள்.

ஸ்டேஷனில் வேலை செய்யும் பெண்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, மிச்ச நேரத்தில் எங்கள் வழக்கு. அவர்களும் என்னிடம்தான் தைக்கிறார்கள். போன வருடம் ஒரு தலைமைக் காவலர் தம்பி கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையோடு வந்தார். டேப் வைத்து அளந்தேன். கை முழங்கை வரைக்கும் வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பலகையிலிருந்து "சேர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள்" என்ற கட்டத்தை அழியுங்கள். சேர்த்து வைத்ததை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்தித்து, அடி நின்றதா என்று கேட்டு, அதை எழுதுங்கள். கணவன் போனுக்குக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லபடியா இருக்கீங்களா?" என்று கேட்பது சந்திப்பு ஆகாது.

ஸ்டேஷனில் எழுதி வாங்கும் எந்தத் தாளுக்கும் எண் போட்டு, சி.எஸ்.ஆரோடு சேர்த்து வைத்து, அவள் கையில் அன்றைக்கே ஒரு நகல் கொடுங்கள். அடிபட்டவளிடம் "மனம் கோணாமல் நடப்பேன்" என்று எழுதி வாங்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அவளைப் பேசச் சொல்லும்போது அவனும் அவன் வீட்டாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவில் உள்ள உரிமைகளை ஒரு பக்கத் தமிழில் அச்சடித்து முதல் முறை வரும்போதே கையில் கொடுங்கள். பாதுகாப்பு அலுவலர் போன் எண், 181 என்ற பெண்கள் உதவி எண், அடிபட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம் என்ற விவரம், இலவச வக்கீல், கொடுமைக்கு எதிராகக் கிரிமினல் புகார் கொடுக்கும் உரிமை (முன்பு 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85), எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே பலகையில் எழுதினாலும் சரி. இடம்தான் காலியாகப் போகிறதே.

சமூக நல அலுவலர் அவர்களுக்கு: எங்கள் ஊரிலிருந்து மாவட்ட ஆபீசுக்கு இரண்டு பஸ். போக வர ஒரு நாள் கூலி போகும். மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் அதிகாரிகளைக் கண்டறிந்து பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. எங்கள் வட்டத்துக்கு யார், எந்த அறையில், எந்தக் கிழமை இருப்பார் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி உங்கள் துறை இல்லை என்று தெரியும். ஆனாலும் காயத்தோடு வரும் பெண்ணிடம் கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு விவரம் கேட்கும்படி மருத்துவத் துறைக்கு ஒரு கடிதம் போட உங்களால் முடியும்.

கடைசியாக, கண்காணிப்பாளர் அவர்களுக்கு. அந்த மூன்று தாள்களை இன்னொரு தடவை தேடச் சொல்லுங்கள். அடையாளம் சொல்கிறேன். மூன்றும் குயர் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நீல மை. முதல் இரண்டிலும் என் தங்கை கையெழுத்து இருக்கும், பத்தாவது வரை படித்தவள், அழகாகப் போடுவாள். மூன்றாவதில் கையெழுத்து இருக்காது. இடது கைப் பெருவிரல் ரேகைதான் இருக்கும். வலது கையில் அன்று மாவுக்கட்டு.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி